காலி பஸ்ஸும் முதல் வரியும்

ருமானாவின் பிழைப்பே சுருக்குவதுதான். காளவாசலில் ஒரு சின்ன ஆய்வு நிறுவனம். அங்கே இருநூறு பக்க அறிக்கைகளை இரண்டு பக்கமாக்கி அதிகாரிகளுக்கு அனுப்புகிறாள். வீட்டில் மட்டும் எதையும் சுருக்கிப் பேச வராது. அவள் கணவன் அனீஸ் பாவம்.

போன வருடம் கைக்கு வந்த ஆய்வு, சிம்மக்கல்லிலிருந்து கப்பலூர் தொழிற்பேட்டைக்குப் போகும் காலை பஸ்ஸைப் பற்றியது. பஸ் காலியாக ஓடியதால் நிறுத்திவிடும் யோசனை இருந்தது. ஆனால் ஷிஃப்ட் தொடங்கிய பிறகுதான் அது போய்ச் சேருகிறது, அதனால்தான் அங்கே வேலைக்குப் போகும் பெண்கள் ஷேர் ஆட்டோவில் அடைந்து போகிறார்கள், அரை மணி முன்னால் விட்டால் கூட்டம் ஏறும் என்றது ஆய்வு. பக்கத்து வீட்டு முனீஸ்வரியும் அந்த ஆட்டோவில் இடிபட்டுப் போகிறவள்தான். ருமானா உயிரைக் கொடுத்து எழுதினாள்.

அனுப்பியதோடு விடுகிற ஆளில்லை அவள். ஒரு வாரம் விட்டு நேரில் போய், "படிச்சதுல என்ன சார் மனசுல நின்னுச்சு?" என்று கேட்பாள். இந்த முறை அப்படிக் கேட்டபோது, முடிவெடுக்க வேண்டிய அதிகாரி பாண்டியராஜன் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார்.

"பிரமாதம்மா! நான் சொன்னதையே நீங்களும் எழுதிட்டீங்க. பஸ்ஸு காலியாத்தான் ஓடுது. திங்கக்கெழம மீட்டிங்ல நிப்பாட்டிர வேண்டியதுதான்."

ருமானா தன் தாளை வாங்கி முதல் வரியைப் பார்த்தாள். பெரிய மனிதரை எடுத்த எடுப்பில் மறுக்கக் கூடாது என்பது அவள் வளர்ந்த கடைவீதி மரியாதை. அதனால், 'பஸ் காலியாக ஓடுகிறது என்பது உண்மையே' என்று தொடங்கியிருந்தாள். மனிதர் அந்த ஒரு வரியிலேயே மனம் நிறைந்து தாளை மூடிவிட்டார்.

அவர் மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்ததுதான் அதிகம். மரியாதையை மூட்டை கட்டி வைத்துவிட்டு, அங்கேயே ஒரு தாளில் மாற்றி எழுதினாள். 'ஷிஃப்ட் தொடங்கிய பிறகு போய்ச் சேருவதால்தான் பஸ் காலியாக ஓடுகிறது.'

பாண்டியராஜன் படித்தார். நெற்றியைச் சுருக்கி மறுபடியும் படித்தார்.

"அம்புட்டும் நேரத்துனால வந்த வினையா?"

"ஆமா சார். ஒரு மாசத்துக்கு அரமணி முன்னால விட்டுப் பாருங்க."

விட்டுப் பார்த்தார்கள். இப்போது அந்த பஸ்ஸில் நிற்க இடமில்லை; உட்கார சீட் கிடைக்கவில்லை என்று முனீஸ்வரி ருமானாவைத் திட்டுகிறாள்.

போன வாரம் ஒரு கூட்டத்தில் பாண்டியராஜன் மைக்கைப் பிடித்தார். "நேரத்த மாத்துங்கன்னு ஆரம்பத்துல இருந்தே தலபாடா அடிச்சுக்கிட்டேன். யாரு கேட்டா?"

பின்வரிசையில் இருந்த ருமானாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இனி யார் சொன்னாலும் இந்த மனிதர் அந்த பஸ்ஸை நிறுத்த விடமாட்டார். எல்லாரையும் விடப் பலமாகக் கை தட்டினாள்.