மாலை போடாத மோசஸ்

கார்த்திகை முதல் தேதி காலையில் சமையற்கட்டுக் கதவைத் தள்ளும்போதே மோசஸுக்கு அலுப்பு வந்துவிடும். அன்றைக்கு வேலை ஒன்றும் கூடியிருக்காது. கடலில் புயல் சின்னம் ஏதாவது இருந்தால் மாமல்லபுரமே காலியாகக் கிடக்கும். கடற்கரை விடுதியில் பாதி அறைகள் பூட்டியிருக்கும். ஆனால் உள்ளே வெள்ளைக் கோட்டுகளுக்கு மேல் துளசி மாலைகள் தொங்கிக்கொண்டிருக்கும். நேற்றுவரை மச்சான், அண்ணாத்த என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஒரே இரவில் சாமிகள் ஆகியிருப்பார்கள்.

சாமிகள் கறியைத் தொடமாட்டார்கள். தந்தூர் அடுப்பில் நிற்கும் எல்லப்பன் கோழியை விட்டுவிட்டு ரொட்டி மட்டும் போடுவார். மீன் வெட்டுகிறவர் காய் நறுக்கப் போய்விடுவார். சமையற்கட்டின் கறிவேலை முழுவதும் மெதுவாக நகர்ந்து, ஓர் ஓரத்தில் குளிர் அறைக்குப் பக்கத்தில் நிற்கிற மோசஸிடம் வந்து சேரும்.

“இன்னா சாமி, கோழிக்கு லீவு வுட்டாச்சா?” என்று மோசஸ் கேட்பார்.

“லீவு எனுக்கு. கோழி உனுக்கு,” என்பார் எல்லப்பன்.

செங்கல்பட்டிலிருந்து தினமும் பேருந்தில் வந்து போகிறவர் மோசஸ். தொண்ணூற்றொன்றில் பாத்திரம் தேய்க்கத்தான் வந்தார். கோவாக்காரர் ஒருவர் அப்போது பதப்படுத்திய கறிகளை வெட்டி அடுக்கும் குளிர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் யாருக்கும் எதையும் சொல்லித் தரவில்லை. மோசஸ் பாத்திரத் தொட்டியிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தே கற்றுக்கொண்டார். கோவாக்காரர் ஒருநாள் ஊருக்குப் போய் வராமலே இருந்துவிட, மேஜை இவருடையதாயிற்று. அதோடு டிசம்பரும் இவருடையதாயிற்று.

டிசம்பரில் ஒரு பண்டம் உண்டு. கொத்துக்கறி அடைத்த விரல் நீளச் சாசேஜை எடுத்து, அதைச் சுற்றிப் பேக்கனைப் போர்த்தி, அடுப்பில் வாட்டி, விருந்து தொடங்கும்போது தட்டில் வைத்துக் கொண்டுபோவார்கள். பேக்கன் என்பது உப்பில் ஊறிப் புகையில் பதமான பன்றிக்கறியின் மெல்லிய தகடு. மேடையில் தலைவர்களுக்குச் சால்வை போர்த்துகிற மாதிரி இருக்கிறது என்று எல்லப்பன் அதற்குப் பொன்னாடை என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரே நிலைத்தது. “பொன்னாடை எத்தினி தட்டு?” என்று பரிமாறுகிறவர்கள்கூடக் கேட்பார்கள்.

பார்க்கச் சுலபமான வேலை. ஆனால் பேக்கன் உறைந்திருந்தால் முறியும். முழுவதும் இளகிவிட்டால் வழுக்கும். இரண்டுக்கும் நடுவே சிறிது நேரம்தான் அது சொன்னபடி கேட்கும். கத்தியின் முதுகால் அழுத்தி ஓர் இழுப்பு இழுக்க வேண்டும். அப்படி இழுத்துவிட்டால்தான் அடுப்பில் சுருங்கும்போது சாசேஜைப் பிதுக்காது. ஒன்றரைச் சுற்று. முனை அடியில் வர வேண்டும். முனை வழியாகப் பல்குச்சி ஒன்று குறுக்கே போக வேண்டும். அந்தக் குச்சியும் தண்ணீரில் ஊறியிருக்க வேண்டும், இல்லையென்றால் கருகும். முதலில் மிதமான சூட்டில் கொழுப்பு உருகி ஓட விட்டு எடுத்துவைத்துக்கொள்வார். விருந்து தொடங்கும் நேரத்தில் கடுகு விழுதும் சர்க்கரையும் பூசி, பெரிய சூட்டில் மறுபடி உள்ளே தள்ளுவார். ஒன்று செய்தால் அழகு. நானூறு செய்தால் கட்டை விரலின் தோல் குச்சி முனையில் தேய்ந்து எரியும். மோசஸ் அதைத் தின்பதில்லை. வாசனையே போதும் என்றாகிவிட்டது.

நானூறும் ஒவ்வொரு வருடமும் டிசம்பர் இருபத்துநான்காம் தேதிதான். மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனி ஒன்று தன் வெளிநாட்டு அதிகாரிகளுக்காக அன்றைய மாலை கடலைப் பார்த்த புல்வெளியில் விருந்து வைக்கும்.

அதே மாலையில்தான் செங்கல்பட்டில் மோசஸின் சபையார் மேளமும் கிதாருமாகக் கீத பவனி புறப்படுவார்கள். மோசஸின் தெரு கோயிலுக்கு அடுத்த தெரு என்பதால் பொழுது சாய்ந்ததும் முதலில் அங்கேதான் வருவார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு பாட்டு. வீட்டுத் தலைவர் கதவைத் திறப்பார், போதகர் ஜெபம் செய்வார், வீட்டார் கேக் கொடுப்பார்கள். மோசஸின் வீட்டுக் கதவை மட்டும் அவர் மனைவி மார்கரெட் திறப்பாள். பவனியில் வரும் பெண்கள் அவளைச் சீண்டுவார்கள்.

“ஏன் மார்கரெட், உன் வூட்டுக்காரரும் கிறிஸ்துமஸ் தாத்தாவும் ஒரே ஆளா? ரெண்டு பேரையும் கண்ணால பாத்தவங்க இல்ல.”

மார்கரெட் சிரித்துவிட்டுக் கேக் தட்டை நீட்டுவாள். இதை அவளே ஒருமுறை, துணி மடித்துக்கொண்டே, வேறு யாருக்கோ நடந்ததைப்போல மோசஸிடம் சொன்னாள்.

ஒரு வருடம் ஆவணியில் பன்னீர்செல்வத்தின் தாயார் இறந்துபோனார். பன்னீர்செல்வமும் மோசஸும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். டிசம்பர் தோறும் மாலை போட்டுக்கொண்டு சைவப் பலகாரப் பக்கம் நிற்பவர் பன்னீர். காய்கறி ஸ்பிரிங் ரோல் சுருட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. திருக்கழுக்குன்றம் சுடுகாட்டில் பன்னீர் மொட்டைத் தலையோடு நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மோசஸுக்குச் சட்டென்று ஒன்று தோன்றிற்று. பெற்றவள் செத்த வருடத்தில் மாலை போடக்கூடாது. தோன்றியதும் அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். ஆனால் தோன்றியது போகவில்லை.

அவர் கேட்கவில்லை. கார்த்திகை பிறந்து, எல்லாரும் சாமியானபோது, வெறும் கழுத்தோடு பன்னீரே வந்து குளிர் மேஜையில் சாய்ந்துகொண்டார்.

“இந்த வருசம் பொன்னாடைய நான் போத்துறேன். நீ நாலு மணி வண்டியப் புடிச்சி வூட்டுக்குப் போய்க்கினே இரு.”

“உனுக்குப் பழக்கம் இல்லியேடா.”

“சுருட்டறதுதானே? நான் சுருட்டாததா?”

மோசஸ் வீட்டில் சொன்னார். அடுத்த ஞாயிறு கோயிலிலிருந்து வந்ததும் மார்கரெட் வாசல் கதவுக்குப் பச்சை வண்ணம் அடிக்கத் தொடங்கினாள்.

“கதவ நீதான் தொறக்கணும். நான் உள்ளயே நிப்பேன்,” என்றாள், தூரிகையை நிறுத்தாமல்.

இருபத்துநான்காம் தேதி சென்னையிலிருந்து பேக்கன் வண்டி நேரத்துக்கே வந்தது. மோசஸ் நாலைந்து செய்து காட்டினார். இழுப்பு, சுற்று, முனை, குச்சி. பன்னீர் தலையாட்டினார். மறுநாள் மதிய விருந்துக்கான ஹாம், பதப்படுத்திய பன்றித்தொடை, வெட்டாமல் அப்படியே கிடந்ததால், தலைமைச் சமையற்காரர் மோசஸைக் குளிர் அறைக்குள் அனுப்பிவிட்டார். அவர் கறியை வெட்டி, சீவி, மூடிவைத்து, விரல் மரத்துப்போய் வெளியே வந்தபோது வண்டிக்கு நேரமாகியிருந்தது. சட்டை மாற்றிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். போகிற வழியில் அடுப்பின் கண்ணாடியில் குனிந்து பார்த்தார்.

உள்ளே ஒரு தட்டு முழுவதும் பொன்னாடைகள் அவிழ்ந்துகொண்டிருந்தன. பேக்கன் ஒரு பக்கம் சுருண்டு கிடந்தது, சாசேஜ் ஒரு பக்கம் வெறும் உடம்போடு உருண்டு கிடந்தது. நடுவே வெள்ளையாக ஏதோ கொழகொழவென்று கொதித்தது.

“இன்னாடா இது?”

“இன்னா?” என்று பன்னீர் வந்து பார்த்தார். அவர் கையில் சின்னக் கிண்ணம் இருந்தது. கிண்ணத்தில் மைதாப் பசை.

ஸ்பிரிங் ரோலின் ஓரத்தை மைதாப் பசை தொட்டு ஒட்டுவார்கள். எண்ணெயில் விழுந்ததும் அது இறுகிக்கொள்ளும். பன்னீரின் விரல் அந்தக் கிண்ணத்தைத் தேடித் தேடியே பழகியது. குச்சி குத்தினால் நேரமாகிறது என்று இரண்டாவது தட்டிலேயே கண்டுகொண்டு, மோசஸ் போவதற்குள் எல்லாவற்றையும் முடித்துக் காட்ட வேண்டும் என்று, மீதியை ஒன்று விடாமல் ஒட்டியிருந்தார். கொழுப்பு உருகினால் பசை நிற்காது என்பது அடுப்பைப் பார்த்த பிறகுதான் அவருக்கும் தெரிந்தது.

“உன்னை அனுப்பணும்னுதான் வேகமா செஞ்சேன்,” என்றார்.

“தெரியுது.”

“நீ போ. நான் பாத்துக்கறேன். குச்சி குத்திடறேன்.”

மோசஸ் மேஜையைப் பார்த்தார். ஒட்டிய தட்டுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றையும் பிரித்து, பசையைத் துடைத்து, மறுபடி சுற்றிக் குத்த வேண்டும். பேக்கன் ஏற்கெனவே இளகத் தொடங்கியிருந்தது. ஓர் ஆளால் விருந்துக்கு முன் முடியாது. முடியாமல் போனால் திட்டு பன்னீருக்கு விழும். அம்மா செத்த வருடத்தில் அதுவும் சேர்ந்துகொள்ளும். வெளியே சாலையில் பேருந்து ஒலி எழுப்பிக்கொண்டு போவது கேட்டது. அது அந்தப் பேருந்தாகவே இருக்க வேண்டும் என்றில்லை. ஆனாலும் மோசஸ் பையைக் கழற்றி ஆணியில் மாட்டி, கோட்டை மறுபடி போட்டுக்கொண்டார்.

“தட்டை எல்லாம் குளிர்ல வை. ஒண்ணொண்ணா எடு. ஈரத்துணி கொண்டா.”

இருவரும் எதிரெதிரே நின்று பிரித்தார்கள். வெந்து அவிழ்ந்த தட்டு இனி ஆகாது என்று ஒதுக்கிவிட்டு, அதற்குப் பதிலாக மோசஸ் எப்போதும் கூடுதலாக வாங்கிவைக்கும் பொட்டலத்தைப் பிரித்தார். எல்லப்பன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு சாமிகள்.

“பாவமாக் கீதுப்பா. ஆனா நாங்க தொட முடியாதே,” என்றார் எல்லப்பன்.

“குச்சி சைவந்தானே சாமி?” என்றார் மோசஸ், தலை நிமிராமல். “ஊற வச்சி எடுத்துக் குடு.”

எல்லப்பன் சிரித்தார். சாமிகள் குச்சிகளைத் தண்ணீரில் போட்டு, ஒரு கை தூரம் தள்ளி நின்று, நீட்டினார்கள். “சாமி, குச்சி.” “இந்தா சாமி, குச்சி.” கொஞ்ச நேரத்தில் கை வேகம் பிடித்துக்கொண்டது. 

தட்டுகள் குறைந்துகொண்டு வந்தபோது பன்னீர் தணிந்த குரலில் கேட்டார்.

“அம்மாவ எடுத்தன்னிக்கே நீ நெனச்சிருப்பல்ல? இந்த டிசம்பர் உனுக்குன்னு.”

மோசஸின் குச்சி ஒரு கணம் நின்றது. “நெனச்சேன்,” என்றார்.

“நானும்தான். கொள்ளி வச்சிட்டுத் திரும்பும்போது உன் மூஞ்சி தெரிஞ்சுது. போச்சு, பன்னிக்கறி நம்ம தலைல வந்துச்சுன்னு நெனச்சேன்.” பன்னீர் ஈரத்துணியைப் பிழிந்தார். “அப்புறம் பேஜாராப் போச்சு, இன்னாடா இப்படி நெனக்கிறோம்னு. அதான் நானே வந்து சொன்னேன்.”

 கடைசித் தட்டு உள்ளே போய், கொழுப்பு உருகி, எல்லாப் பொன்னாடைகளும் அவிழாமல் வெளியே வந்ததைப் பார்த்த பிறகு மோசஸ் கோட்டைக் கழற்றினார். புல்வெளியில் விளக்கு போட்டிருந்தார்கள்.

“பூச்சும் ரெண்டாவது சூடும் நான் பாத்துக்கறேன். ஓடு,” என்றார் பன்னீர்.

மோசஸால் ஓட முடியவில்லை. நடந்தார். கிடைத்த பேருந்தில் உட்கார இடமில்லை. திருக்கழுக்குன்றத்தில் ஒருவர் எழுந்தபோது அந்த இடத்தில் விழுந்து, செங்கல்பட்டு வரைக்கும் தூங்கினார்.

தெருமுனையில் இறங்கி நடந்தபோதே மேளம் கேட்டது. தெருக்கோடியில் இருக்கும் அவர் வீட்டுக்கு முந்தின வீட்டில் ஜெபம் முடிந்துகொண்டிருந்தது. முன்னால் போய் வீட்டுக்குள் நுழைந்துகொள்ள வேண்டுமென்றால் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். தெரு குறுகல். அதற்குள் பாடகர்கள் நகர்ந்துவிட்டார்கள். மோசஸ் அவர்களுக்குப் பின்னால், மேளக்காரரின் முதுகுக்குப் பின்னால், பையோடு நின்றுகொண்டார். கால்கள் அதற்குமேல் எதையும் கேட்கத் தயாராக இல்லை. பாட்டு அவருக்குத் தெரிந்ததுதான், வாயசைத்தார்.

பச்சைக் கதவு உடனே திறக்கவில்லை. இரண்டாவது சரணம் முடிகிற வரைக்கும் மூடியே இருந்தது. பிறகு மார்கரெட் திறந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். யாரையும் பார்க்காமல் தலை குனிந்துகொண்டாள்.

போதகர் கண்ணை மூடி ஜெபித்தார். வீட்டை ஆசீர்வதித்தார், அடுப்பை ஆசீர்வதித்தார். பிறகு ஒவ்வொரு வருடமும் சொல்வதைச் சொன்னார்: “ஆண்டவரே, வேலையின் நிமித்தம் தூரத்தில் இருக்கிற இந்த வீட்டின் தலைவர் மோசஸையும் உம்முடைய கரத்தில் காத்துக்கொள்ளும்.”

மோசஸ் வாயைத் திறந்தார். ஜெபத்துக்கு நடுவில் குறுக்கே பேசுவது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. “ஆமென்,” என்றார், எல்லாரோடும் சேர்ந்து.

அந்தக் குரலில் மார்கரெட் நிமிர்ந்தாள். மேளத்துக்குப் பின்னால் தேடிக் கண்டுபிடித்தாள்.

பக்கத்தில் நின்ற, சபைக்குப் புதிதான பெண் மூக்கைச் சுருக்கி மோசஸைத் திரும்பிப் பார்த்தாள். அவர்மேல் புகைந்த கறியின் வாசனை அடித்தது. “எந்த வூட்டுக்கு வந்திருக்கீங்கண்ணே?” என்று கேட்டாள்.

“இந்த வூட்டுக்குத்தாம்மா,” என்றார் மோசஸ். மார்கரெட் கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டாள். வண்ணம் புதிது என்பதால் அது நிலையில் உராய்ந்தது.