உங்களையேதான் பேசினார்

காய்ந்த தென்னம்மட்டை முறியும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் என் முழங்கை கூசும். ஓர் ஆளின் கை என் கண் முன்னால் அப்படித்தான் முறிந்தது. துடுப்பைத் தூக்கவைத்தது என் வாய்.

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வருட விசாவில், ஐஸ் தொழிற்சாலை இயந்திரங்களைப் பார்க்க இலங்கையின் கல்முனைக்குப் போயிருந்தேன். எந்த ஊரிலும் கால் தரிக்காதவன் நான். கடல் தாண்டினாலும் தமிழ்தானே என்ற துணிச்சல். அங்கே கடல் கரையைக் கடித்துக் குதறும். தென்னைகள் வேரோடு பிடுங்கப்பட்டு அலைக்குள் குப்புறக் கிடக்கும்.

பக்கத்து வீட்டுப் படகுக்காரரை, அங்கே அண்ணனை அழைப்பதுபோல, காக்கா என்பேன். வாப்பா விட்டுப்போன படகுக்காகத் தம்பியோடு அவருக்கு மூன்று வருடப் பகை. ஒரு காலை அந்தத் தம்பி என் வாசலில் வந்து நின்றார். காக்காவோடு மறுபடி கடலுக்குப் போக வேண்டும் என்றார். சின்ன வயதில் அலைக்குள் போன தன்னை மயிரைப் பிடித்து இழுத்தெடுத்தவர் காக்காதான் என்று சொல்லி அழுதார்.

"நீங்க ஒருக்காக் கதைச்சுப் பாருங்களன்."

மத்தியானம் காக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "என்னவாம் அவன்?"

"ரொம்ப நேரம் உங்களையேதான் பேசிட்டிருந்தார்" என்றேன், சந்தோஷமாக.

"என்னப் பேசினானா? உங்கட வாசல்ல நிண்டா?"

"ஆமா. கண்ணெல்லாம் சிவந்துபோச்சு."

மீதியைச் சொல்லுமுன் மதிலடியில் அவர் இல்லை.

பின்னால் ஓடினேன். கரையில் வலை பார்த்துக்கொண்டிருந்த தம்பி, அண்ணன் வருவதைக் கண்டு சிரித்தபடி எழுந்தார். துடுப்பின் முதல் அடியைத் தடுத்த கை முறிந்தது. அடுத்தது காதைக் கிழித்தது. மணலில் விழுந்த ரத்தத்தை அலை நக்கிக்கொண்டு போனது. நாலு பேர் தொங்கியும் காக்கா நிற்கவில்லை.

"பேசு. இப்ப பேசு" என்றார், ஒவ்வோர் அடிக்கும்.

காக்காவின் மனைவிதான் எனக்கு விளங்கவைத்தார். "இஞ்ச பேசுறண்டா ஏசுறது, தம்பி. நாங்க கதைக்கிற ஆக்கள்."

இருவரிடமும் போய்ச் சொன்னேன். தம்பி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். காக்கா படகு விளிம்பில் நெற்றியை மோதிக்கொண்டே இருந்தார். பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று.

கட்டுப் போட்ட கையோடு தம்பி தன் மனைவியின் ஆட்களிடம் பொத்துவிலுக்குப் புறப்பட்டார். பஸ் தரிப்புக்கு நான் போனபோது காக்கா எனக்கு முன்பே அங்கே நின்றார்.

"கை சுகமானா வா" என்றார்.

தம்பி படியில் ஏறித் திரும்பினார்.

"கடலுக்கா காக்கா, அடி திங்கவா?"