ராசாவைக் கப்பலேற்றியது

நாகப்பட்டினம் துறைமுகக் கொட்டகையில் ஒரு நாள் காலை எட்டரை மணிக்கு என் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் இல்லை. ஃபைலுக்குள் இல்லை. குனிந்து மேசைக்கு அடியிலும் பார்த்தாயிற்று. எதிரே உட்கார்ந்திருந்த சுகாதார அதிகாரி, "வாயில வச்சிருக்கியே, அது என்ன?" என்றார். பேனாதான். மூடியில் பல் தடம் வேறு பதிந்திருந்தது.

பயம் வந்தால் நான் அப்படித்தான். எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள், "அண்ணனுக்குக் கப்பல் சங்கதி எல்லாம் அத்துப்படி" என்று வெளியே சொல்லிக்கொண்டு திரிகிறார்களாம். அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு அத்துப்படியானது பயம் ஒன்றுதான். மிச்சமெல்லாம் பயந்து பயந்து கற்றுக்கொண்டது.

1. கப்பலேறாத கப்பல்காரன்

காரைக்குடியில் பயண ஏஜெண்ட் அலுவலகம் ஒன்றில் நான் புக்கிங் கிளார்க். தேவகோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவன். மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்களுக்குப் பாஸேஜ் எடுப்பது, பாஸ்போர்ட், பெர்மிட், அம்மை குத்திய சீட்டு எல்லாவற்றையும் ஒன்றாக்கிக் கையில் கொடுப்பது, பெண்பிள்ளைகள் தனியாகப் போனால் துறைமுகம் வரை கூடப் போய் ஏற்றிவிடுவது, இவ்வளவும் என் வேலை. நான் இந்த நாள் வரை கப்பலேறியதில்லை. தண்ணீர் மேல் நான் ஏறிய ஒரே வாகனம் எங்கள் ஊருணியில் விட்ட வாழைமரத் தெப்பம். அதுவும் கவிழ்ந்தது.

அறுபதுகளின் நடுவில் ஒரு நாள், நகரத்தார் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் தம் மருமகளோடு அலுவலகத்துக்கு வந்தார். மகன் பினாங்கில் கடை வைத்திருக்கிறார். மருமகளும் இரண்டு பிள்ளைகளும் அங்கே போய்ச் சேர வேண்டும். மூத்தவள் வள்ளியம்மைக்கு ஐந்து வயது. கைப்பிள்ளைக்கு எட்டு மாதம்; அவனை அவன் தகப்பனார் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. நெடுநாள் காத்திருந்து வாங்கிய என்ட்ரி பெர்மிட் கையில் இருந்தது. அது முடிகிற தேதியைப் பார்த்தேன். வருகிற கப்பலில் போனால் நாலு நாள் மிச்சத்தில் போய்ச் சேரலாம். அதை விட்டால் அடுத்த கப்பல் மூன்று வாரம் கழித்துத்தான். பெர்மிட் செத்துப்போகும், மறுபடி எழுதிப் போட்டு எந்தக் காலத்தில் வாங்குவது?

எங்கள் மேனேஜர் பெரியவரை அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னார்: "ஒரு அம்மா, ரெண்டு பிள்ளை. கோட்டையவா பிடிக்கப் போறோம்? ஏன்யா இப்பிடி முழிக்கிறே?"

ஒரு அம்மா, ரெண்டு பிள்ளை என்று வாய் சொல்லிவிடும். பத்துக் கல்யாணப் பார்ட்டியை ஏற்றிவிடலாம், கைப்பிள்ளைக்காரி ஒருத்தியை ஏற்றுவது பெரும்பாடு. மறுநாளிலிருந்து ஆச்சி கேள்விகளோடு வர ஆரம்பித்தார். நகரத்தார் வீட்டுப் பெண்களை நாங்கள் ஆச்சி என்றுதான் சொல்வோம். இவருக்கு வயது இருபத்தைந்துதான் இருக்கும்.

"கப்பல்ல ஏணை கட்டலாமாங்க?"

சேலையில் கட்டும் தூளி. "தாராளமாக் கட்டலாங்க ஆச்சி" என்றேன். தெரியாது என்று சொன்னால் மரியாதை போய்விடுமே.

"எதுலங்க கட்டுறது?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். "கேட்டு எழுதுறேங்க" என்று சொல்லி, கப்பல் கம்பெனிக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் போட்டேன்: செகண்ட் கிளாஸ் கேபினில், குழந்தையைத் தொங்கவிடக் கொக்கி உண்டா? ஒரு வாரத்தில் பதில் வந்தது. கொக்கிகள் மேல்தளத்தில் மட்டுமே உள்ளன, அவை சரக்கு ஏற்றுவதற்கானவை, குழந்தைகளைத் தொங்கவிட அனுமதி இல்லை.

படித்துச் சொன்னேன். "பிள்ளையைப் பண்டல் கணக்கா நெனச்சுட்டாக போல" என்றார் ஆச்சி. பிறகு, "சரிங்க. மடியிலயே போட்டுக்கிறேன். ஆறு நாளுதானே" என்றார். அந்த ஆறு நாளை அவர் சொன்ன விதத்தில், கப்பலேறும் முன்பே அவர் அசந்து போயிருந்தது தெரிந்தது.

வள்ளியம்மைக்கு அந்தக் கவலை இல்லை. என் மேசை விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு கேட்டாள்: "கப்பல்ல மாடு இருக்குமா?"

"மாடு எதுக்குத்தா?"

"தம்பிக்குப் பாலு?"

"பால் டின்ல வரும்."

"டின்னுக்குள்ள மாடு எப்பிடிப் போச்சு?"

இதற்கும் கம்பெனிக்கு எழுதலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த மாதம் என் மூளை அந்த நிலையில்தான் இருந்தது. வெந்நீர் எத்தனை மணிக்குக் கிடைக்கும், மருந்து உரைக்கும் கல்லை லக்கேஜில் போடலாமா, கைப்பையில்தான் வைக்க வேண்டுமா, பிள்ளைத்துணி எங்கே காயப்போடுவது என்று எனக்கே தெரியாத கப்பலுக்கு நானே விடை தயாரித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், "இஞ்சே, தட்டைப் பாத்துச் சாப்பிடுங்க. கப்பலு தட்டுக்குள்ள வராது" என்பாள் என் மனைவி.

2. மஞ்சள் புத்தகம்

கப்பலேற அம்மை குத்தியிருக்க வேண்டும். அதற்கு ஒரு மஞ்சள் புத்தகம் உண்டு. கைப்பிள்ளைக்கு முதல் தடவை குத்தினால், எட்டு நாள் கழித்துத்தான் அந்தப் புத்தகம் செல்லும். ஆகவே முன்கூட்டியே நகராட்சி ஹெல்த் இன்ஸ்பெக்டரை எங்கள் அலுவலகத்துக்கே வரவழைத்தேன். என் திறமையை நானே மெச்சிக்கொண்ட நாட்களில் அதுவும் ஒன்று. அப்படிப்பட்ட நாட்களில்தான் நாம் தப்புச் செய்வோம் என்பதைப் புதிய பிள்ளைகள் குறித்துக்கொள்க.

பாஸ்போர்ட் மேனேஜரின் இரும்புப் பெட்டியில் இருந்தது. மேனேஜர் சிவகங்கைக்குப் போயிருந்தார். இன்ஸ்பெக்டர் ஊசியைத் தயார் செய்தார். பிள்ளை அதைப் பார்த்துவிட்டு வீடு இடிகிற மாதிரி அழ ஆரம்பித்தான். அந்தச் சத்தத்தில், நான் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "பிள்ளை பேரு என்னங்க ஆச்சி?" என்று கத்தினேன்.

"ராசா" என்றார் ஆச்சி.

எழுதினேன். இன்ஸ்பெக்டர் முத்திரை குத்தினார். குத்திய இடம் நன்றாகப் பழுத்து, தழும்பும் விழுந்தது. புறப்படும் நாளில் பாஸ்போர்ட், பெர்மிட், மஞ்சள் புத்தகம் மூன்றையும் அடுக்கி அழகாக ஒரு நூலால் கட்டினேன். கட்டினேனே தவிர, படிக்கவில்லை.

3. மூன்று பெயர்

நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். படகில் போய்த்தான் ஏற வேண்டும். ஆச்சிக்குத் துணையாகக் கப்பலில் போகவிருந்த தேவகோட்டைக் குடும்பம் முதல் படகிலேயே போய்விட்டது. எங்களுக்குக் கடைசிப் படகு. பெரியவர் கயிற்றுத் தடுப்புக்கு அப்பால், கூப்பிடு தூரத்தில் நின்றிருந்தார்.

சுகாதார அதிகாரி புத்தகத்தை ஒரு கையிலும் பாஸ்போர்ட்டை மறு கையிலும் பிடித்துப் பார்த்தார்.

"பாஸ்போர்ட்ல சாத்தப்பன்னு இருக்கு. இதுல ராசான்னு இருக்கு. ரெண்டு பிள்ளையா?"

"ஒரே பிள்ளைதான் சார்."

"அப்ப ராசா யாரு?"

"சாத்தப்பன் சார்."

"சாத்தப்பன் யாரு?"

"ராசா சார்."

"நீ யாரு?"

சத்தியமாக அந்த நிமிஷம் எனக்கே சந்தேகமாக இருந்தது. பேனாவைத் தேடியது அப்போதுதான்.

விஷயம் இதுதான். முதல் பேரனுக்கு அப்பாவைப் பெற்றவரின் பெயரை வைப்பது அவர்கள் வழக்கம். பெரியவர் பெயர் சாத்தப்பன். ஆகவே பிள்ளையும் சாத்தப்பன். ஆனால் மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லலாமா? பிள்ளையைக் கூப்பிடுகிற சாக்கிலும் சொல்லக்கூடாது. அதனால் வீட்டில் ராசா. என் மனைவி கல்யாணமான நாளிலிருந்து என் பெயரைச் சொல்லாமல் 'இஞ்சே' என்றுதான் கூப்பிடுகிறாள். அப்படிப்பட்ட வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்த எனக்கு, ஆச்சியிடம் பிள்ளை பெயரைக் கேட்கக்கூடாது என்று தோன்றவில்லை பாருங்கள்.

அதிகாரியிடம் சொன்னேன். அவர் கெட்டவர் அல்ல. காலையிலிருந்து நூறு பேரைப் பார்த்துக் களைத்தவர். "போன தடவை ஒருத்தி இன்னொருத்தி பிள்ளையைத் தன் பிள்ளைன்னு கொண்டுபோகப் பாத்தா. பெத்தவங்க வாயால சொல்லட்டும், திருத்திக் கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா மறுபடி அம்மை குத்தி, எட்டு நாள் கழிச்சு வா."

எட்டு நாள். கப்பல் பத்து மணிக்கு.

"அம்மா, உங்க பிள்ளை பேர் என்ன?"

ஆச்சி தலையைக் குனிந்துகொண்டார். கண் கயிற்றுத் தடுப்பின் பக்கம் போய்த் திரும்பியது.

"பெத்த பிள்ளை பேர் தெரியாதா?"

"தெரியுமுங்க."

"சொல்லுங்க."

"அது வந்து... ஐயனாருக்கு இன்னொரு பேரு இருக்குமுல்லங்க? அதுங்க."

ஐயனாருக்குச் சாத்தன் என்றும் ஒரு பெயர் உண்டு; எங்கள் பக்கத்துப் பெண்கள் அப்படித்தான் சொல்வார்கள், கேட்கிறவர் புரிந்துகொள்வார். அதிகாரி எங்கள் பக்கத்துக்காரர் இல்லை. பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஐயனார்னு இதுல எங்கேயும் இல்லையே!"

இப்போது மூன்று பெயர் ஆயிற்று.

"எழுதிக் காட்டட்டுமா சார்? ஆச்சி எட்டாவது வரைக்கும் படிச்சவுக" என்றேன். பேனாவை வேட்டியில் துடைத்து நீட்டினேன். ஆச்சி வாங்கினார். 'சா' என்று எழுதினார். கை அங்கேயே நின்றுவிட்டது.

அதிகாரி வள்ளியம்மையைக் கூப்பிட்டார். "பாப்பா, உன் தம்பி பேர் என்ன?"

எனக்கு உயிர் வந்தது. பிள்ளைகளுக்கு ஏது இந்தத் தடையெல்லாம்? அவளும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கொட்டகை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "ராசா!"

வெளியே படகுக்காரன், "கடைசி நடை! வாரவுக வாங்க!" என்று கூவினான். மானம் கப்பலேறும் என்பார்கள். அன்றைக்கு என்னுடையது மட்டும்தான் ஏறும் போலிருந்தது. அதிகாரியின் காலில் விழலாமா, படகுக்காரனின் காலில் விழலாமா என்று யோசித்து, இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

பெரியவர் கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். காவலர் தடுத்ததைக் கவனிக்கவில்லை.

"என்னப்பா, என்ன சிக்கல்?"

சொன்னேன். என் தப்பு என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மருமகளைப் பார்த்தார்.

"ஏத்தா, சொல்லிரு."

ஆச்சி நிமிரவில்லை.

"எம் மகன் அங்குட்டு வந்து நிப்பான். நீ இறங்கலைன்னா அவன் என்ன நெனப்பான்? எம் பேரு பெருசா, அவன் பிள்ளை மொகம் பாக்குறது பெருசா? சொல்லுத்தா."

"எப்பிடிங்க... நீங்க இங்ஙன நிக்கையில..."

"நான் நிக்கலை" என்றார் பெரியவர். எங்களுக்கு முதுகு காட்டி, கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் இரண்டு காதிலும் விட்டுக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் கேக்கலை. சொல்லிட்டுப் போ."

"சாத்தப்பன்" என்றார் ஆச்சி. எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா" என்றார் அதிகாரி.

"சாத்தப்பன்."

"என்னம்மா?"

"சாத்தப்பன்! எம் பிள்ளை பேரு சாத்தப்பன்!"

மூட்டை தூக்குகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மடியிலிருந்த பிள்ளையும் ஆத்தா முகத்தைப் பார்த்தான். பிறந்ததிலிருந்து அவர் அவனை அந்தப் பெயரால் கூப்பிட்டதே இல்லையே. அதிகாரி ராசாவை அடித்தார், சாத்தப்பனை எழுதினார், ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். "போங்கம்மா, பாத்துப் போங்க" என்றார்.

படகு போனது. பெரியவரும் நானும் கரையில் நின்றோம். அவர் விரலை எடுத்துவிட்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"விடுப்பா" என்றார். "நல்லாத்தான் இருந்துச்சு."

"எதுங்கய்யா?"

"எங்க ஆத்தா போயி முப்பது வருசமாச்சு. அதுக்கப்புறம் ஒரு பொம்பளை எம் பேரைச் சொல்லி நான் கேட்டதில்லை. வீட்டுல உள்ளவளும் சொன்னதில்லை. இன்னைக்குத்தான் கேட்டேன், மூணு தடவை."

"காதைப் பொத்தியிருந்தீகளே?"

"வெரலு என்ன கார்க்காப்பா?" என்று சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தார்.

ஆச்சி நாலு நாள் மிச்சத்தில் போய் இறங்கினார் என்று பெரியவரே வந்து சொன்னார். அன்றைக்குப் போன என் தெம்பு இன்னும் முழுசாகத் திரும்பி வரவில்லை.

இதிலிருந்து நான் கற்றது. வாய் சொல்வதை எழுதாதே, காகிதம் சொல்வதை எழுது என்று மேனேஜர் அப்போதே ஒரு அட்டையில் எழுதி மாட்டினார். சரிதான். ஆனால் அந்தக் காகிதத்தையும் முதலில் யாரோ ஒருவர் வாயால் சொல்லித்தானே எழுதுகிறோம்? ஆகவே, கைப்பிள்ளையோடு ஒரு குடும்பம் நம் கவுண்ட்டருக்கு வந்தால், பிள்ளை பெயர் என்ன என்று எடுத்தவுடன் கேட்காதீர்கள். நான் கேட்பது வேறு கேள்வி: "இந்தப் பிள்ளை பேரை வாய்விட்டுச் சொல்லக்கூடியவுக யாரு வந்திருக்கீக?"

முதலில் சிரிப்பார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். கடைசியில் ஒருவர் எழுந்து வருவார். அவர் வரும் வரை பொறுங்கள்.