வலது கன்னத்தில் வெயில்

ஒரு செங்கல்லை வைத்து ஏகாம்பரநாதர் கோயில் கோபுரத்தை நான் நிறுத்திய லட்சணத்தை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. பெரிய காஞ்சிபுரத்துப் பள்ளியொன்றில் புவியியல் ஆசிரியையாகச் சேர்ந்த புதிது. புத்தகத்து வரைபடம் பிள்ளைகள் மண்டையில் ஏறவில்லை என்று, மைதானத்து மணலில் ஊரையே பரப்பச் சொன்னேன். கோபுரத்துக்குச் செங்கல். தெருக்களுக்கு, வீட்டுத் தறியில் மிஞ்சிய பட்டு நூல். தெற்கே பாலாற்றுக்கு நீலம் கலந்த கோலமாவு. தலைமையாசிரியை பார்த்துவிட்டு, மறுநாள் வரும் கல்வி அதிகாரிக்கும் காட்டலாம் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான் பிறந்த ஊரில் ராஜகோபுரம் கிழக்கே. எல்லா ஊரிலும் அப்படித்தான் என்று நம்பி, செங்கல்லைக் கோயிலுக்குக் கிழக்கே வைத்திருந்தேன். தறிக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி அதைத் தெற்கே நகர்த்தினாள். "கோபுரத்துலேர்ந்து நேரா போய்க்கினே இருந்தா பாலாறு வரணும் டீச்சர். இதுல வரலியே" என்றாள். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். அதிகப்பிரசங்கி என்று அத்தனை பேர் முன்னிலும் திட்டி, செங்கல்லைப் பழைய இடத்திலேயே வைத்தேன்.

சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவிக்கு ஒரு அக்கா இருந்தார். என் வயதுதான், பிள்ளைகளைப் பார்த்து நானும் அக்கா என்பேன். பாத்திரம் கழுவி முடித்து, நான் தனியாக இருக்கும் நேரம் பார்த்து வந்தார்.

"காலையில கோயிலாண்ட பூ விக்கிறேன் டீச்சர். கோபுரத்தப் பாத்து நின்னா வலது கன்னத்துலதான் வெயிலு அடிக்குது. நீங்களே வந்து பாருங்கமா."

போகத் திரும்பியவர் நின்றார். "அந்தப் பொண்ணு இன்னிக்கு சோறே துண்ணல."

இரவெல்லாம் அந்த ஒரு வாக்கியம்தான். விடிந்ததும் போய் நின்றேன். வலது கன்னம் சுட்டது. கிழக்கு வலப்பக்கம் என்றால் நான் பார்த்து நின்றது வடக்கே; கோபுரம் கோயிலுக்குத் தெற்கில்தான் இருந்தது.

அதிகாரி வருவதற்குள் சத்தமில்லாமல் செங்கல்லை மாற்றிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன், பொய் சொல்வானேன். ஆனால் முதல் மணி அடித்ததும் வகுப்பையே கோபுர வாசலுக்கு நடத்திப் போனேன். எந்தக் கன்னத்தில் வெயில் என்று கேட்டேன். எல்லாக் கைகளும் வலது கன்னத்துக்குப் போயின. அந்தப் பெண்ணை முன்னால் அழைத்து, "நீ சொன்னதுதான் சரி. நான்தான் தப்பு" என்றேன். அவள் தரையைப் பார்த்தபடியே வரிசைக்குத் திரும்பிவிட்டாள்.

ஜூன் பிறந்தால் இன்றும் புது வகுப்பை அங்கே கூட்டிப் போகிறேன். அந்த அக்கா எனக்குச் செய்தது எவ்வளவு பெரிய உபகாரம் என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். தப்பை ஒப்புக்கொண்ட அன்று மதியம் சாப்பாட்டு வரிசைப் பக்கம் போகவே எனக்குப் பயமாக இருந்தது. அக்காவே கையசைத்துக் கூப்பிட்டார்.

"அந்தப் பொண்ணு ரெண்டாவது வாட்டி வாங்கிக்கினு போவுது, பாருங்க" என்றார்.