உள்ளே வலம், வெளியே இடம்

கிள்ளானில் நான் வேலை பார்த்தது காற்றாடி செய்யும் தொழிற்சாலையில். அங்கே காற்றைத் தவிர மற்ற எல்லாம் இருந்தது. புகையை வெளியே தள்ளும் பெரிய பெரிய காற்றாடிகளைச் செய்து லோரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, நாங்கள் பழைய செய்தித்தாளால் விசிறிக்கொள்வோம். தகரக் கூரை. மதியமானால் என் முழங்கை வரைபடத் தாளோடு ஒட்டிக்கொள்ளும். பிய்த்து எடுத்தால் கோடும் கூடவே வரும்.

ஆகவே தொண்ணூறுகளின் தொடக்கத்தில் முதலாளி கம்ப்யூட்டரில் வரைவதைப் பற்றி விசாரித்தபோது, நான் விஞ்ஞான வளர்ச்சியை மனதார வரவேற்றேன். பெட்டியை விற்க வந்தவர் ஒரு பொன்னான வார்த்தை சொல்லியிருந்தார்: ஏர்கோன் வைத்துக் குளிர வைக்காவிட்டால் இதற்குக் காய்ச்சல் வந்துவிடும். முதலாளி என்னைப் பார்த்தார். நானும் அப்படித்தான் படித்திருக்கிறேன் என்றேன். அதுவரை நான் படித்தவற்றில் முக்கால்வாசி நாவல்கள் என்பது அவருக்குத் தெரியாது.

முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். வீடு பிரிக்பீல்ட்ஸில். அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுத் தொழிலுக்கு வந்தவர் என்பதால் எதையும் உடனே வாங்கிவிட மாட்டார். பெட்டியைச் சில நாள் வைத்துப் பார்க்கச் சம்மதித்தார். அதில் வரைந்து ஒரு காற்றாடி செய்ய வேண்டும். வாடிக்கையாளர் திருப்தி என்று சொன்னால் பெட்டி நிற்கும். இல்லையென்றால் பெட்டியும் ஏர்கோனும் போய்விடும், நான் பழையபடி முழங்கையைப் பிய்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மூலையில் பலகை அடித்து ஓர் அறை தயாரானது. சாலாக் செலாத்தானிலிருந்து பஸ் மாறி மாறி வந்து சேரும் நான், அதன் கதவைச் சாத்திக்கொள்ளும் அந்த ஒரு கணத்துக்காகவே லீவு போடுவதை நிறுத்தினேன். மற்றவர்களும் என் வேலையில் திடீரென்று அக்கறை காட்டினார்கள். ஸ்டோர்காரர் மணி கேட்க வருவார், கையில் கடிகாரம் கட்டியபடி. வார்ப்பட வேலையாட்களைக் கவனித்த மண்டோர் அண்ணன் வாசலிலேயே நின்று சட்டையின் மேல் பித்தானைக் கழற்றுவார்.

"நீ உள்ள வரையிறியா, குளிர் வாங்குறியா?" என்பார். இரண்டுக்கும் ஒரே பதில் என்பதால் நான் சிரித்து வைப்பேன்.

முதல் வேலை, கிள்ளானில் ஒரு கோயிலை ஒட்டிய கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டுக்கு. சுவரில் துளை போட்டுப் பதிக்கும் காற்றாடி, புகையை வெளியே தள்ள வேண்டும். அளவெல்லாம் சொல்லிவிட்டு முதலாளி கடைசியாக ஒன்று சேர்த்தார்.

"தம்பி, அது வலமாச் சுத்தவேணும். கோயில் மண்டபம், விளங்குதோ?"

விளங்கிவிட்டது என்று தலையாட்டினேன். அங்கேதான் விளங்காமல் போனது.

காற்றாடி இறக்கையைச் சும்மா தட்டையான தகடு என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குறுக்கே வெட்டிப் பார்த்தால் மீன் மாதிரி இருக்கும்: தலை உருண்டை, வால் மெலிசு, முதுகு கொஞ்சம் வளைவு. நடுக்குடத்தின் அருகே மீன் தடியாக, நன்றாகச் சாய்ந்து நிற்கும். நுனிக்குப் போகப் போக இளைத்துப் படுத்துவிடும். இந்த மீன்களை வரிசையாக அடுக்கி, மேலே ஒரு தோலைப் போர்த்தச் சொல்லிக் கம்ப்யூட்டருக்குக் கட்டளை போட வேண்டும். போட்டுவிட்டு வெளியே போய்த் தே தாரிக் குடித்து, அரசியல் பேசி, திரும்பி வந்தால் தோல் பாதி ஏறியிருக்கும்.

என் முதல் இறக்கை முறுக்காக வந்தது. உவமை இல்லை, தீபாவளி முறுக்கேதான். ஒரு மீனை மூக்கிலிருந்தும் அடுத்த மீனை வாலிலிருந்தும் வரையத் தொடங்கியிருக்கிறேன். கம்ப்யூட்டர் மூக்கை வாலோடு சேர்த்துத் திருகிவிட்டது. எல்லா மீனையும் மூக்கிலிருந்து தொடங்கிய பிறகு தோல் வழுவழுவென்று உட்கார்ந்தது. வாலைக் கத்தி முனைபோல முடித்திருந்தேன். மண்டோர் அண்ணன் படத்தைப் பார்த்துவிட்டு, இந்த இடுக்கில் உருக்கின அலுமினியம் போகாது, உன் ஏர்கோன் காற்றுதான் போகும் என்றார். வாலுக்குக் கொஞ்சம் சதை வைத்தேன்.

காற்றாடியை வார்த்து, தேய்த்து, மண்டபச் சுவரில் ஏற்றினோம். சமையல்காரர் எண்ணெய் காய வைத்தார். புகை வரிசை கட்டி வெளியேறியது. முதலாளி என் தோளைத் தட்டினார். அந்த நேரம் பார்த்து, ஜவுளிக்கடை வைத்திருந்த மண்டபத் தலைவர் வெளியே கோயில் பிராகாரத்திலிருந்து வேகமாக வந்தார்.

"என்ன சார் இது, ஜனங்க வலமா சுத்துறாங்க, உங்க காத்தாடி இடமா சுத்துது?"

அடுப்படியில் நின்று பார்த்தால் வலம். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தால் அதே காற்றாடி இடம். நான் சமையல்காரரின் பக்கம் நின்று வரைந்திருந்தேன். பிராகாரத்தில் ஒருவர் கும்பிட்டுக்கொண்டு வருவார் என்று மீன்களை அடுக்கும்போது எனக்குத் தோன்றவில்லை.

தலைவர் வாதாடவில்லை, மோட்டாரைத் திருப்பிவிடச் சொன்னார். புகை எந்தப் பக்கம் போகும் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். முதலாளி கண்ணாலேயே அடக்கினார். இரண்டு வயரை மாற்றிப் பூட்டியதும் காற்றாடி வாலை முன்னால் நீட்டிக்கொண்டு, வெளிக்காற்றை உள்ளே இழுத்தது. சமையல்காரர் விவரம் தெரியாமல் காய்ந்த மிளகாயைத் தாளித்தார். கமிட்டி மொத்தமும் மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில், துக்க வீட்டில்கூட நான் பார்த்திராத அளவுக்கு அத்தனை பேரும் கண்ணீர் விட்டார்கள்.

காரில் திரும்பினோம். தொழிற்சாலை வாசலில் முதலாளி சொன்னார். "இது சரிவராட்டி பெட்டியைத் திருப்பி அனுப்பிப்போடுவன்."

முழங்கை உடனே அரிக்க ஆரம்பித்தது. தலைவரை ஒரு தடவை இங்கே அழைத்து வாருங்கள், படத்தைக் காட்டுகிறேன் என்று கேட்டுக்கொண்டேன்.

தலைவர் இரண்டு கமிட்டிக்காரர்களோடு வந்தார், முதலாளியும் கூட நின்றார். நல்ல வெயில் நேரமாகப் பார்த்து வரச்சொல்லியிருந்தேன், ஏர்கோனுக்கு நேர் கீழே நாற்காலி போட்டிருந்தேன். குடத்தின்மேல் சுற்றும் திசைக்கு ஓர் அம்புக்குறி வரைந்து, முதலில் உட்பக்கம் காட்டினேன். அம்பு வலம். பிறகு படத்தைத் திருப்பச் சொன்னேன். கம்ப்யூட்டர் வழக்கம்போல நிதானமாக, கோடு கோடாக, யோசித்து யோசித்துத் திருப்பியது. அதற்குள் மூவரும் துண்டால் முகம் துடைத்து, மைலோ குடித்து, சாந்தமாகியிருந்தார்கள். அம்பு இடம்.

இறக்கையைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல மாற்றி வார்க்கவும் முடியும் என்றேன். அப்போது வெளியே வலம், உள்ளே இடம். அன்னதானம் சமைக்கிறவர் என்ன சொல்வாரோ.

தலைவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மெதுவாக, சாமி எந்தப் பக்கம் நின்று பார்க்கும் என்று கேட்டேன்.

"சாமிக்கு ரெண்டு பக்கமும் தெரியும்யா," என்றார். "ஜனங்க கண்ணுல படாம பண்ணுங்க, போதும்லா."

வெளிப்பக்கம் புகை கீழே இறங்கிப் போகிற மாதிரி ஒரு தகரக் கூண்டு மாட்டினோம். அதையும் கம்ப்யூட்டரில்தான் வரைந்தேன். கத்தரிக்கோல் எடுத்து வெட்டியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும், அதனாலேயே வரைந்தேன். வயர்கள் பழையபடி மாறின. தலைவர் திருப்தி என்று கையெழுத்துப் போட்டார். பெட்டி நின்றது. ஏர்கோனும் நின்றது.

தலைவர் அந்த நாற்காலியில் அத்தனை நேரம் சுகமாக உட்கார்ந்திருந்ததை முதலாளி கவனித்திருக்கிறார். அடுத்த வாரமே தம் மேசையை என் அறைக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவருக்கு மூக்கடைப்பு. இரண்டு தும்மல் போட்டுவிட்டு, "தம்பி, இந்தக் குளிர் ஒத்துவராது," என்று ஏர்கோனை அணைத்தார். கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல் வருமே என்று பதறினேன். வந்தால் பார்ப்போம் என்றார். கடைசிவரை வரவில்லை.

அதற்குப் பதிலாக எங்கள் கம்பெனிக் காற்றாடி ஒன்றுக்கு இரும்புக் கால் பொருத்தி இரண்டு மேசைக்கும் நடுவில் நிறுத்தினார், தம் பக்கம் பார்த்தபடி. அவர் பக்கத்திலிருந்து அது வலமாகச் சுற்றியது. நான் அதன் முதுகைப் பார்த்துக்கொண்டு, அச்சடித்த வரைபடத் தாளிலிருந்து முழங்கையைப் பிய்த்து எடுத்தேன். எந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது என்று அவருக்கு விளக்கியவனே நான்தான் என்பதால், பழைய செய்தித்தாளை எடுத்து விசிறிக்கொண்டேன்.