தலையில்லாத கழுகுகள்

குஷே தன் மருமகனின் முகத்தை ஆறு வருடங்களாக நேராகப் பார்த்ததில்லை. இரண்டு குடிசைகளுக்கும் நடுவே முப்பது அடிகூட இருக்காது. ஆனாலும் எங்கள் கலஹாரிப் பாலைவனத்தில் மாமியாரும் மருமகனும் எதிரெதிரே நின்று பேசக் கூடாது, பெயர் சொல்லக் கூடாது. அவனிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மகள் கோகாவிடம் சொல்வாள். மகள் இல்லாத நேரத்தில் நாயிடம் சொல்வாள்.

"ஏ நாயே, விறகு தீந்துபோச்சுன்னு இந்த வீட்ல யாருக்காவது தெரியுமா?"

சற்று நேரத்தில் விறகு வந்து விழும். முகம் தெரியாதே தவிர அவன் காலடி அவளுக்கு நன்றாகத் தெரியும். மணலில் இடது காலின் சுண்டுவிரல் பதியாது. குதிகால் லேசாக வெளிப்பக்கம் சாயும். அவன் வேட்டைக்குப் போன திசை, சுமையோடு திரும்பினானா வெறுங்கையோடு திரும்பினானா, கோபத்தில் நடந்தானா, எல்லாவற்றையும் அந்தக் காலடியிலேயே படித்துவிடுவாள். மகளைக் கட்டிய நாளிலிருந்து அவன் அடித்த ஒவ்வொரு மிருகத்தின் பின்னந்தொடையும் மாமியார் வீட்டுக்கு வந்தது. நல்லவன் என்றுதான் நினைத்திருந்தாள் பாவம்.

அந்த ஆகஸ்ட் காலையில் ஓமா வந்தான். காட்டுக் காவல் வேலையில் இருப்பவன், இரண்டு நாள் நடைக்கு அப்பால் குடியிருப்பவன். குஷேயோடு கேலி பேச உரிமையுள்ள உறவு.

"மதினி, இன்னும் சாகலையா நீ?"

"உன்னைப் பொதைச்சிட்டுத்தான் போவேன். என்ன விஷயம்?"

அவன் சிரிக்கவில்லை. "உப்புப் பள்ளத்துப் பக்கம் ஒரு அசிங்கம் நடந்திருக்கு. உன் கண்ணு வேணும். காத்து கிளம்பறதுக்குள்ள வா."

எங்கள் பக்கம் ஆகஸ்ட் குளிர்காலம், நண்பகலானால் காற்று எழும். எழுந்தால் மணலில் எழுதியிருப்பது ஒன்றும் மிஞ்சாது.

இருவரும் நடந்தார்கள். மஞ்சள் புல் இடுப்பளவு நின்றது. ஒட்டக முள்மரங்களில் இருவாச்சிப் பறவைகள் கத்திக்கொண்டிருந்தன. தூரத்தில் ஓரிக்ஸ் மான்கள் ஐந்து, நீண்ட கொம்புகளோடு, அவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு மேய்ச்சலைத் தொடர்ந்தன. அத்தனை அழகின் நடுவே நாற்றம் வந்தது. முதலில் மெல்லிய இனிப்பாக. பிறகு தொண்டைக்குள் யாரோ அழுகிய கையை விட்டதுபோல.

உப்புப் பள்ளத்தின் ஓரத்தில் ஒரு பெரிய மான் கிடந்தது. வயிறு கிழிந்திருந்தது. பின்னந்தொடை ஒன்று இல்லை. அதைச் சுற்றிப் பிணந்தின்னிக் கழுகுகள் செத்துக் கிடந்தன. முப்பத்தேழு. சில இறக்கையை விரித்து, சில ஒன்றின் மேல் ஒன்றாக. ஒன்றுக்கும் தலை இல்லை. வெட்டிய கழுத்துகளில் ஈக்கள் கறுப்பாக அப்பியிருந்தன. கக்கிய இறைச்சி மணலில் குட்டை குட்டையாகக் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு நரியும் அதைத் தின்று நான்கடி போய் நுரை தள்ளி விழுந்திருந்தது. பக்கத்து மரத்தின் உச்சிக் கூட்டில் ஒரு குஞ்சு மட்டும் விடாமல் கத்தியது. அதற்கு இனி யார் வருவார்கள்?

"தலை எதுக்குடா?"

"மந்திர மருந்துக்காம். கழுகு மூளையப் பொடிபண்ணி முகர்ந்தா நாளைக்கு நடக்கப்போறது தெரியுமாம். எங்கேயோ பட்டணத்துல வாங்கறானுங்க."

"தூ," என்று துப்பினாள் குஷே. "நாளைக்கு நடக்கறது தெரிஞ்சு என்ன கிழிக்கப் போறானுங்க?"

துப்பிய இடத்தில்தான் பார்த்தாள். சுண்டுவிரல் பதியாத இடது கால். தலைகளை வெட்ட நேற்று ராத்திரி வந்துபோன புதுத் தடம்.

தொடை இல்லாத அந்த மானை மறுபடி பார்த்தாள். மூன்று நாள் முன்பு தன் அடுப்பில் வெந்த தொடை அது. விஷம் வைப்பதற்கு முன்பே முறையாக அறுத்து, மாமியாருக்கு மரியாதையாக அனுப்பியிருக்கிறான். 

ஓமா அந்தக் காலடியின் அருகே குந்தினான். "நம்ம ஆளு. வெறுங்கால். மத்தியானம் போலீஸ் வண்டி வருது. யாருன்னு உனக்குத் தெரியுதா?"

கோகாவுக்கு ஏழு மாதம். கையில் ஒன்றரை வயதுப் பிள்ளை வேறு. புருஷன் சிறைக்குப் போனால் அவளுக்கு யார் வேட்டையாடுவார்கள்? குஷேயின் குதிகால் தானாகவே நகர்ந்து ஒரு காலடியைத் தேய்த்தது. இன்னொன்றையும் தேய்த்தது. ஓமா பார்த்தான். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். காற்று கிளம்ப இன்னும் கொஞ்ச நேரம்தான். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், மீதியைப் பாலைவனமே அழித்துவிடும்.

மூன்றாவது காலடியில் கறுப்பாக ஏதோ மின்னியது. கடுகைவிடச் சிறிய மணிகள். பத்தடி தள்ளி மேலும் சில. அதற்கப்பால் இன்னும் சில. விஷப் பையில் ஓட்டை. அந்த மணிகள் வரிசையாகக் குடியிருப்பை நோக்கி, பேரன் விளையாடும் வாசலை நோக்கிப் போயிருந்தன.

"ஓமா, அந்தப் பேரை நான் சொல்லக் கூடாது," என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. "என் மகளோட புருஷன்."

சொன்ன கையோடு ஓடினாள். ஐம்பது வயது முழங்கால்கள் வலித்தும் நிற்காமல் ஓடினாள்.

நாய் மகளின் குடிசை வாசலில் விறைத்துக் கிடந்தது. வாயோரம் நுரை. பேரன் அதன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு, எழுந்து விளையாட வரச்சொல்லிச் சிணுங்கிக்கொண்டிருந்தான். குஷே அவனைப் பறித்துத் தூக்கி, வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினாள். ஒன்றுமில்லை. சாம்பல் போட்டு அவன் கைகளை மூன்று முறை கழுவினாள். குடிசைக்குள் விறகு அடுக்கின் மேல் அந்த ஓட்டைப் பை தொங்கியது. அதன் கீழே இறைச்சி வெட்டும் கத்தி.

மருமகன் டாபே வெளியே வந்தான். குஷே பழக்கத்தில் நாயைத் தேடித் திரும்பினாள். நாய்தான் செத்துவிட்டதே. மெல்ல நிமிர்ந்து, ஆறு வருடத்தில் முதல் முறையாக, அவன் முகத்தைப் பார்த்தாள். சின்ன முகம். பயந்த கண்கள்.

"அந்தக் கத்தியாலயா அறுத்த?"

அவன் பதறி முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அத்தை, எங்கிட்ட பேசக் கூடாது நீங்க."

"அந்தக் கத்தியாலயா அறுத்தன்னு கேட்டேன்."

"கழுகுதானே அத்தை. பொணந்தின்னி. தலைக்குப் பதிலா முன்கூட்டியே மாவு குடுத்தாங்க, சர்க்கரை குடுத்தாங்க." குரல் உடைந்தது. "ஒரு வாரமா நீங்க குடிக்கிற டீயில போட்டதும் அந்தச் சர்க்கரைதான்."

குஷே அங்கேயே குந்தி வாந்தியெடுத்தாள்.  தண்ணீர்க் குடத்தோடு வந்த கோகா, கணவன் முகத்துக்கெதிரே அம்மா நிற்பதைப் பார்த்துக் குடத்தைக் கீழே போட்டாள்.

வண்டி வந்தது. பையையும் கத்தியையும் டாபேயையும் ஏற்றிக்கொண்டு போனது. கோகா கேட்டது ஒன்றுதான்:

"நீ சொல்லாம இருந்திருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?"

அன்றோடு பேச்சு நின்றது. கோகா தன் குடிசையைப் பிரித்துக் குடியிருப்பின் மறுகோடியில் கட்டிக்கொண்டாள். குஷே தினமும் கொண்டுபோய் வைத்த கிழங்குகள் தொடப்படாமல் சுருங்கிக் கிடந்தன. பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்குக்கூட அம்மாவைக் கூப்பிடவில்லை.

அக்டோபரில் ஒரு குதிரை கிணற்றுக்கு அப்பால் நோயில் செத்தது. எப்போதும் கழுகுகள் அரை நாளில் எலும்பாக்கிவிடும் வேலை அது. இம்முறை வானம் காலியாக இருந்தது. குதிரை உப்பியது, பச்சையானது, வெடித்தது, ஒழுகியது. நீலமும் பச்சையுமாய் ஈக்கள் குடியிருப்புக்குள் வந்தன. சோற்றில் உட்கார்ந்தன, குழந்தைகளின் கண்ணோரத்தில் உட்கார்ந்தன. தீ வைத்துப் பார்த்தோம், பாதிதான் எரிந்தது. அந்த நாற்றம் கம்பளியில், தலைமுடியில், குடிக்கும் தண்ணீரில் ஏறியது. தாய்மார்கள் குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

பன்னிரண்டாம் நாள் கோகா, கைக்குழந்தையின் முகத்தைத் துணியால் மூடியபடி அம்மாவின் குடிசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இந்த நாத்தம் எப்பம்மா போகும்?"

"தெரியலடி," என்றாள் குஷே. "நம்ம ஊரு இதுக்கு முன்னாடி இப்படி நாறினதே இல்லையே."

கோகா நின்றாள். குழந்தையின் மேல் ஈ வந்து உட்கார்ந்தது. அதை ஓட்டினாள். மறுபடி வந்தது.

"புள்ளையக் கொஞ்சம் பிடி," என்று நீட்டிவிட்டு, வாசலில் குந்தி, அவளும் வாந்தியெடுத்தாள்.