ஒரு நாளைக்கு ஒரு கட்டம்

போன வாரம் தம்பி மகள் போன் செய்தாள். கம்ப்யூட்டர் கேம் ஒன்றைத் தனியாளாகச் செய்துகொண்டிருக்கிறாள். முடிய இன்னும் மாதக்கணக்கில் ஆகுமாம். 'வந்ததும் நாங்கதான் முதல்ல ஆடுவோம்' என்றவர்களெல்லாம் ஒவ்வொருவராக மறந்துபோகிறார்களாம். என்ன செய்வது பெரியப்பா என்றாள்.

என்னிடம் போய்க் கேட்டால்? எனக்குக் கம்ப்யூட்டரை ஆன் பண்ணவே ஆள் வேண்டும். ஆனால் இதே சிக்கலில் மாட்டி ஜெயித்த ஒருத்தியை எனக்கு நன்றாகத் தெரியும். என் மனைவி பிலோமினா.

எண்பதுகளின் தொடக்கம். கல்யாணமான புதிது, வில்லியனூரில் குடியிருந்தோம். பிலோ திருபுவனையில் ஒரு சுவிட்ச் கம்பெனியில் வேலை பார்த்தாள். மதியம் சாப்பிட்ட பிறகு பெண்களுக்குக் கொஞ்சம் ஓய்வு உண்டு. அதற்கென்றே ஒரு ஆட்டம் உண்டாக்க நினைத்தாள். அட்டைப்பெட்டியைப் பிரித்து, அதில் திருபுவனையிலிருந்து கிருமாம்பாக்கம் வரை ஒரு பஸ் ரூட் வரைந்தாள். தாயக்கட்டை உருட்டி, சட்டைப் பொத்தானை நகர்த்தி, முதலில் போய்ச் சேருகிறவருக்கு ஜெயம். வழியில் ஒவ்வொரு கட்டத்திலும் ஏதாவது நடக்க வேண்டும்... என்ன நடக்கும்? அதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

அதற்குள் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். முதலில் தினமும் கேட்டார்கள். பிறகு எப்போதாவது. பிறகு ஒருத்தி டவுனில் வாங்கிய பாம்பு-ஏணி அட்டையைக் கொண்டுவந்தாள். பளபளவென்று கலர்! கூட்டம் அங்கே போய்விட்டது.

அன்று பிலோ சரியாகச் சாப்பிடவில்லை. அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, இப்போதே கொடுத்துவிடேன் என்றேன்.

"அரைவேக்காடா குடுத்தா ஒரு நாள் ஆடிட்டு மூலைல போட்டுடுவாங்க. அவங்களுக்கு இதுல இன்னா இருக்குன்னு தெரிஞ்சாதான காத்துனு இருப்பாங்க?"

சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே உறைத்ததுபோல் அட்டையை மடித்து ஓரமாக வைத்தாள்.

மறுநாள் அட்டையை எடுத்துப்போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் நூர்ஜகானிடம், பஸ்ஸில் உனக்கு நடந்த ஏதாவது ஒன்றைச் சொல்லு என்றாள். நூர்ஜகான் மளிகைக் கடைக்காரர் மகள். பேச்சுக்குக் கேட்கவா வேண்டும்? கிருமாம்பாக்கத்தில் அக்கா வீட்டுக்குப் போனவள், பஸ்ஸில் தூங்கிப்போய், இறங்கவேண்டிய ஊரைத் தாண்டிக் கடலூரில் கண் விழித்த கதையைச் சொன்னாள். பிலோ அதைத் தனிக் காகிதத்தில் ஒரு கட்டமாக வரைந்தாள் — ஜன்னலில் தலை சாய்த்து, வாய் பிளந்து தூங்கும் பெண். காய் இங்கே வந்து விழுந்தால் ஒரு முறை உருட்டாமல் சும்மா இருக்க வேண்டும். அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் அதை மட்டும் காட்டினாள்.

"ஏண்டி, இது நான்தான?" என்றாள் நூர்ஜகான்.

பாம்பும் ஏணியும் அப்படியே கிடந்தனவாம்.

அதன் பிறகு ஆளுக்கொரு கதை. உறுவையாற்றிலிருந்து வேலைக்கு வரும் சகுந்தலா, பஸ் நின்றுபோய் எல்லோரும் இறங்கித் தள்ளியதைச் சொன்னாள். அதற்கு என்ன விதி? பெரிய வாக்குவாதம். கடைசியில், எல்லாக் காயும் ஒரு கட்டம் முன்னே என்று அவர்களே தீர்த்துவைத்தார்கள். பிலோ ஒரு நாளைக்கு ஒரு கட்டம்தான் காட்டுவாள். எவ்வளவு கெஞ்சினாலும் அடுத்தது கிடையாது.

ஆட்டத்தை அவள் செய்து முடிக்கிற சமயத்தில் கம்பெனியில் ஷிப்ட் வந்தது. பாதிப் பேர் மாலை ஷிப்டுக்குப் போய்விட்டார்கள். இனி ஒன்றாகச் சாப்பிடுவதேது? பிலோ முகம் வாடிப்போனது. இருந்தாலும் முடித்தாள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஆடலாம் என்று சொல்லியனுப்பினாள். லீவு நாளில் யார் பஸ் ஏறி வரப்போகிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் சர்ச்சில் பூசை முடிந்து திரும்பும்போதே வாசலில் காத்திருந்தார்கள். இரண்டு ஷிப்டும்! சகுந்தலா தன் மாமியாரையும் அழைத்து வந்திருந்தாள். உள்ளே இடமில்லாமல் நான் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். யாருக்கும் ஜெயிக்க அவசரமில்லை. ஒவ்வொருத்தியும் தன் கட்டத்தில் போய் மாட்டிக்கொள்ளத்தான் தாயக்கட்டையை உருட்டினாள். நூர்ஜகானின் காய் தூங்கும் பெண்மேல் போய் விழுந்தபோது எழுந்த சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்துவிட்டார். உள்ளே என்ன என்று கேட்டார்.

"எங்க வூட்டுல செஞ்ச ஆட்டம் சார். பிலோ செஞ்சது."

அதை நான் எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்பது, உள்ளேயிருந்து அவள் திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

எல்லோரும் போன பிறகு, ஆமாம், எனக்கு மட்டும் ஏன் கட்டமில்லை என்று கேட்டேன்.

"நீங்கதான் சைக்கிள்ல போறீங்களே... உங்களுக்கு பஸ்ல இன்னா வேல?"